புத்தகத்துக்குச் சொன்ன மரம்

என்னிடம் இரண்டு பறவைப் புத்தகங்கள் இருந்தன. ஒன்று சின்னப் பிள்ளைகளுக்கு, தட்டையாக, பக்கத்துக்கு ஒரு பெரிய படம் போட்டது. இன்னொன்று பெரியவர்களுக்கு, செங்கல் கனம், பொடி எழுத்து. ரேஷன் கார்டு வைத்திருக்கும் பிளாஸ்டிக் பையிலேயே இரண்டையும் வைத்திருந்தேன். இப்போது பெரியவர்கள் புத்தகம் மட்டும்தான் இருக்கிறது. மற்றது எங்கே போனது என்று பிறகு சொல்கிறேன்.

அந்த இரண்டு புத்தகத்திலும் ஒரு சொட்டு ரத்தம் கிடையாது. அதில் கொக்கு நிற்கும், நாரை பறக்கும், நீர்க்காகம் சிறகைக் காயப்போடும். ஒன்றுகூடச் சாகாது. நான் அவற்றைக் கொன்றவள். எத்தனை என்று கேட்டால் எனக்குத் தெரியாது. கல்யாணமாகி இந்த ஏரிக்கரைக்கு வந்த மாதமே முதல் கழுத்தைத் திருகினேன். அதற்குப் பிறகு நாற்பத்தைந்து வருஷம் திருகியிருக்கிறேன். முதியோர் பள்ளியில் படித்த எழுத்தை வைத்துக்கொண்டு இதை எழுத ஒரு மழைக்காலம் முழுக்கப் பிடித்தது. எழுத்தில் பிழை இருக்கும். விஷயத்தில் இருக்காது.

எங்கள் தொழிலில் வலையைவிட முக்கியமானது பார்வைக்கொக்கு. உயிரோடு பிடித்த ஒரு கொக்கின் கண்களைத் தைத்து, காலில் கயிறு கட்டி, வலைக்குப் பக்கத்தில் சேற்றில் நிறுத்துவோம். கயிற்றை இழுத்தால் அது சிறகை அடிக்கும். மேலே போகும் கூட்டம், இங்கே இரை இருக்கிறது, நம்ம ஆள் நிற்கிறான் என்று இறங்கும். வலை விழும். கண் திறந்திருந்தால் பார்வைக்கொக்கு மனிதனைப் பார்த்துக் கத்தி எல்லாரையும் விரட்டிவிடும். அதனால்தான் தைப்பது.

அந்தத் தையலில் என்னை மிஞ்ச இந்தப் பக்கத்தில் ஆள் கிடையாது. கீழ் இமையில் ஊசியை ஏற்றி, மேலே இழுத்து, உச்சந்தலையில் முடிச்சுப் போட வேண்டும். மற்றவர்கள் நூலால் தைப்பார்கள், பத்து நாளில் சீழ் வைக்கும். நான் என் தலைமுடியால் தைப்பேன். சீழ் வராது. முடி நரைத்த பிறகு இன்னும் வசதி, வெள்ளையோடு வெள்ளையாய்ச் சேர்ந்துகொள்ளும். நான் தைத்த கொக்கு இரண்டு வருஷம் உழைத்ததுண்டு. ஒருமுறை பார்வைக்கொக்கு செத்துப்போனதற்கு என் வீட்டுக்காரர் வலை மூங்கிலால் என் வாயிலேயே போட்டார். முன்பல் இரண்டு போயிற்று. மீதிப் பல்லால் அவர் கையைக் கடித்தேன். அந்தத் தழும்போடுதான் அவரைப் புதைத்தோம். அவர் போன பிறகு நான் ஒருத்தியே வலையும் போட்டேன்.

பிடித்ததைக் கம்பெனி ரோட்டில் உட்கார்ந்து விற்பேன். தேர்வாய் கண்டிகைக் கம்பெனிகளுக்கு வேலைக்குப் போகிறவர்களும் வருகிறவர்களும் வண்டியை நிறுத்தி வாங்குவார்கள். சிலர் வறுவல் கடையில் கொடுத்துப் பொரித்துத் தின்பார்கள்.

எங்கள் ஆட்களுக்கு ஒரு கட்டுப்பாடு உண்டு. ஏரிக்கு ஒரு குடும்பம்தான். மேயும் இடத்தில் வலை போடலாம், கூடு வைக்கும் மரத்தின் அடியில் கால் வைக்கக் கூடாது. அந்த மரம் எது என்று கட்டிய புருஷனைத் தவிர யாருக்கும் வாய் திறக்கக் கூடாது. அண்ணன் தம்பிக்கும் கிடையாது. கேட்பதே அசிங்கம், சாப்பிடுகிறவன் இலையில் கை வைப்பது மாதிரி. என் தம்பி நான் இடுப்பில் தூக்கி வளர்த்தவன். அவனும் தொழில்காரன்தான். அவனுடைய இடம் காட்டுப்பள்ளிப் பக்கத்து உப்பங்கழி. இத்தனை வருஷத்தில் அவனும் என்னைக் கேட்டதில்லை, நானும் சொன்னதில்லை.

ஒரு தை மாதம் கழுத்தில் தூரக்கண்ணாடி மாட்டிக்கொண்டு ஒரு அம்மா ஏரிக்கு வந்தாள். பட்டணத்துப் பேச்சு. பறவைகளைப் பற்றிப் புத்தகம் போடுகிறாளாம், பிள்ளைகளுக்கு ஒன்று, பெரியவர்களுக்கு ஒன்று. பெயர்கள் தெரிந்த ஆள் யார் என்று ஊரில் கேட்டதற்கு என்னைக் காட்டியிருக்கிறார்கள்.

"அது என்ன பறவைம்மா? உங்க ஊர்ல என்ன பேர் சொல்வீங்க?"

"மடையான்."

"பக்கத்துல செவப்பா இருக்கறது?"

"அதுவும் மடையான்தான். மாப்ள ஆவப் போறாரு, அதாங்காட்டியும் சட்ட மாத்திக்கினு நிக்கறாரு."

அவள் சிரித்தாள். கண்ணாடியை எடுத்து எனக்கு நீட்டினாள். வேண்டாம் என்றேன்.

"இவ்ளோ தூரத்துலேர்ந்து எப்படிம்மா தெரியுது உங்களுக்கு?"

"சாவறப்ப கையில வெச்சிக்கினு மூஞ்சிய பாத்தவ நானு. உசுரோட நிக்கறது தெரியாம பூடுமா?"

பேனாவை நிறுத்தி என்னைப் பார்த்தாள். பிறகு அதையும் எழுதிக்கொண்டாள். எனக்கு அது பிடித்துப்போயிற்று. என் பேச்சை யாரும் அதுவரைக்கும் எழுதிக்கொண்டதில்லை. நாலைந்து தடவை வந்தாள். எது எப்போது வரும், எது எத்தனை முட்டையிடும், எந்தக் குஞ்சு தம்பியைக் குத்திக் கீழே தள்ளும், எல்லாம் சொன்னேன். கடைசித் தடவை, கண் தைப்பதைப் பார்க்க வேண்டும் என்றாள். புதிதாய்ப் பிடித்திருந்த கொக்கைத் தொடையிடுக்கில் வைத்து, தலையிலிருந்து முடியைப் பிடுங்கி, ஊசியில் கோத்தேன். முதல் கண்ணைப் பார்த்தாள். இரண்டாவது கண்ணுக்குக் கரை ஓரம் ஓடி வாந்தி எடுத்தாள். வாயைத் துடைத்துக்கொண்டு வந்து மறுபடியும் எழுதினாள். கெட்டிக்காரிதான்.

அன்றைக்குத்தான் கேட்டாள், "இதெல்லாம் எங்கம்மா கூடு வைக்குது?"

சொன்னேன். ஏரி நடுவில் திட்டு இருக்கிறது. அதில் எந்தப் பக்கம், எந்த மரங்கள், எந்தக் கரையிலிருந்து போனால் இடுப்பளவு தண்ணீரில் நடந்தே போகலாம் என்று கையை நீட்டிச் சொன்னேன். என் கூடப் பிறந்தவனுக்குச் சொல்லாததை அவளுக்கு ஏன் சொன்னேன் என்று பின்னால் எத்தனையோ முறை யோசித்தேன். நான் அவளுக்குச் சொல்லவில்லை, புத்தகத்துக்குச் சொன்னேன். புத்தகத்துக்குச் சொல்வது யாருக்கும் சொல்வதில்லை என்று நினைத்துவிட்டேன். எங்கள் ஆட்களில் யார் புத்தகத்தைத் திறந்தோம்? எங்களுக்கு அது பரணில் ஏற்றிய பாத்திரம்.

மறு மார்கழியில் இரண்டு புத்தகங்களையும் கொண்டுவந்து என் கையில் கொடுத்தாள். பிள்ளைகள் புத்தகத்தை எழுத்துக் கூட்டி ஒரு வாரத்தில் முடித்தேன். நான் சொன்ன பெயர்கள்தான். உப்புக்கொத்தி, நத்தைகுத்தி, தாழைக்கோழி. பெருமையாகத்தான் இருந்தது. ஆனால் தையல் இல்லை, வலை இல்லை, நான் இல்லை. அடுத்த முறை வந்தவளைக் கேட்டேன்.

"கண்ணு தெச்சத போடவே இல்லியே?"

"சின்னப் பசங்க படிக்கிறதும்மா. பயந்துடுவாங்க."

"செரி. பெரியவங்க புக்குல?"

"பெரியவங்களும் பயந்துடுவாங்கம்மா."

"அப்போ ஆருக்குத்தான் புக்கு போட்டுக்கீற?" என்றேன். பொடி எழுத்தை நான் படிக்கவில்லை. அதில் என்ன இருந்ததென்று எனக்குத் தெரியாது.

அந்தப் பொங்கலுக்குத் தம்பி சீர் கொண்டுவந்தான். அவன் கழியில் கொக்கு இறங்கி மூன்று வருஷம் ஆகியிருந்தது. ஒரு கம்பெனியில் காண்ட்ராக்ட் வேலை, அதுவும் மாதத்தில் பாதி நாள். கரும்பையும் அரிசியையும் வைத்துவிட்டு உட்கார்ந்தவன் கையில், பெருமைக்கு நான்தான் அந்தக் கனத்த புத்தகத்தைக் கொடுத்தேன். அவன் பத்தாவது வரைக்கும் போனவன். புரட்டிக்கொண்டே வந்தவன் ஒரு பக்கத்தில் நின்றுவிட்டான். வாய்விட்டுப் படித்தான். ஊர் பெயர், ஏரி பெயர், திட்டு, எந்தப் பக்கம், எந்தக் கரை.

"யக்கா, இதுல போட்டுக்கீறது மெய்யாலுமா?"

இல்லை என்று சொல்லியிருக்கலாம். பட்டணத்துப் பொம்பளை என்னத்தையோ எழுதியிருக்கிறாள் என்று சொன்னால் முடிந்தது. ஆனால் அது என் பேச்சு. அச்சில் வந்திருக்கும் என் பேச்சைப் பொய் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

"நான் சொல்லி பொய்யாயிருக்குமாடா?" என்றேன்.

அவன் புத்தகத்தை மூடிப் பையில் திருப்பி வைத்தான். பாயசம் நன்றாக இருக்கிறதென்று இரண்டாம் முறை கேட்டு வாங்கிக் குடித்தான்.

காணும் பொங்கல் கழிந்த நாலாம் நாள் விடிகாலையில் பார்வைக்கொக்கைத் தூக்கிக்கொண்டு கரைக்குப் போனேன். ஏரியில் சத்தமே இல்லை. கூடு வைத்திருக்கும் காலத்தில் விடிகாலையில் அந்தத் திட்டு சந்தை மாதிரி இரையும். வெளிச்சம் வர வர, தண்ணீரில் வெள்ளை வெள்ளையாக மிதந்தது. முதலில் கம்பெனிப் பக்கத்திலிருந்து பறந்துவந்த பிளாஸ்டிக் என்றுதான் நினைத்தேன். பார்வைக்கொக்கைக் கரையில் கட்டிவிட்டு, வலை மூங்கிலை ஊன்றிக்கொண்டு இறங்கினேன்.

எல்லாம் கொக்கு. நாரையும் இருந்தது. சில செத்திருந்தன. சில சாகவில்லை. கழுத்து முதுகுப் பக்கம் வளைந்து, கால் விரல்கள் முஷ்டி மாதிரி மூடி, வாயில் நுரை. ஒன்று சிறகால் தண்ணீரை அடித்துக்கொண்டே வட்டம் சுற்றியது. அதைப் பிடித்துக் கழுத்தைத் திருகினேன். அடுத்ததையும் திருகினேன். பதினேழு வரை எண்ணினேன். என் வாழ்க்கையில் நான் எண்ணிக் கொன்றது அன்றைக்கு மட்டும்தான். நான் திருகினால் ஒரு நொடி. இது நாழிக்கணக்கில் செத்தது.

திட்டுக்கு அந்தப் பக்கம் தம்பி நின்றிருந்தான். இடுப்பளவு தண்ணீரில் சாக்கில் அள்ளிப் போட்டுக்கொண்டிருந்தான். கரையோரத்தில் கெண்டைக் குஞ்சுகளை வாரி இறைத்திருந்தான். ஒன்றின் வயிற்றைப் பிதுக்கினேன். ஊதா நிறத்தில் குருணை. வயலில் பூச்சிக்குப் போடும் மருந்து.

"வெசமாடா வெச்ச? கூடு வெச்ச மரத்தாண்டையாடா வெச்ச?"

"வலை போட எனுக்கு ஆளு கீறாங்களா யக்கா? நீ நாளெல்லாம் ஒக்காந்து நாலு புடிப்ப. நான் ஒரு மணி நேரத்துல நூறு எடுத்துட்டேன். போ, போய் நாஷ்டா துன்னு."

"இத மனுசன் துன்றதுக்காடா எடுத்துனு போற?"

"கொடல எடுத்துட்டா ஒண்ணும் ஆவாது. நீ மட்டும் இன்னா, கொஞ்சிக்கினா இருந்த இத்தினி வருசமா?"

அவன் சொன்னதில் தப்பில்லை. அதனால்தான் எனக்கு வெறி வந்தது. கையில் இருந்த வலை மூங்கிலை ஓங்கி அவன் தோளில் போட்டேன். எலும்பு முறிந்த சத்தம் எனக்கே கேட்டது. அவன் ஒற்றைக் கையால் என் முடியைப் பிடித்துத் தண்ணீருக்குள் அமுக்கினான். சேறும் இறகும் வாய்க்குள் போயிற்று. கண் இருட்டிக்கொண்டு வந்தபோது விட்டான். எழுந்து நான் இருமி முடிப்பதற்குள் சாக்கை இழுத்துக்கொண்டு கரையேறிவிட்டான். அங்கே ஒருவன் பைக்கோடு காத்திருந்தான்.

கரையில் எங்கள் தெரு நாய் செத்த கொக்கு ஒன்றைத் தின்றுகொண்டிருந்தது. விரட்டினேன், போகவில்லை. நான் சேலையைப் பிழிந்துகொண்டிருக்கும்போதே அதன் பின்னங்கால் மடங்கியது. உடம்பு வில்லாக வளைந்தது. நாக்கை அதுவே கடித்துக்கொண்டது. கொஞ்ச நேரத்தில் முடிந்துவிட்டது. குடலை மட்டும் எடுத்தால் போதும் என்று அவன் சொன்னது என் காதிலேயே நின்றது. நாய் தின்றது நெஞ்சுக் கறியை.

ஊருக்குள் ஓடி ஆட்களைக் கூப்பிட்டேன். அக்கா தம்பி சண்டை என்று சிரித்தார்கள். ஒரு செத்த கொக்கைப் பையில் போட்டுக்கொண்டு, ஷேர் ஆட்டோ ஏறிக் கம்பெனி ரோட்டுக்குப் போனேன். முதல் இரண்டு கடைகளில் கொக்கு வரவில்லை. மூன்றாவது, நான் பல வருஷம் சரக்குப் போட்ட கடை. முதல் ஷிஃப்ட் விட்டுவந்த ஆட்கள் தட்டோடு நின்றிருந்தார்கள். பெரிய இரும்புச் சட்டியில் எண்ணெய் கொதித்துக்கொண்டிருந்தது. மசாலா தடவிய துண்டுகள் தாம்பாளம் நிறையக் குவிந்திருந்தன.

"ஆரும் துன்னாதீங்க! வெசம் வெச்ச கொக்கு!"

கடைக்காரன் கரண்டியை நிறுத்தவே இல்லை. "இன்னா ஆயா, தம்பி சரக்கு எறக்கினா உனுக்கு வயிறு எரியுதா?"

ஆட்கள் சிரித்தார்கள். பையிலிருந்த கொக்கை அவன் வெட்டுக்கட்டையில் போட்டு, அவன் கத்தியாலேயே இரைப்பையைக் கிழித்தேன். கெண்டைக் குஞ்சும் ஊதாக் குருணையும் கட்டை மேல் கொட்டியது. அவன் பார்த்தான். பார்த்துவிட்டு மெதுவாகச் சொன்னான், "கழுவித்தான் போட்டுக்கீறோம். பேஜாரு பண்ணாம போ ஆயா."

அவன் தெரிந்தேதான் போடுகிறான் என்று அப்போது புரிந்தது. சட்டியின் காதைப் பிடித்துக் கவிழ்த்தேன். எண்ணெய் என் இடது கையில் முழங்கை வரை ஓடியது, அவன் பாதத்தில் கொட்டியது. அவன் அலறிக்கொண்டே கரண்டியால் என் தலையில் அடித்தான். யாரோ என் முதுகில் உதைத்தார்கள். கீழே விழுந்தபோதும் தாம்பாளத்தை இழுத்துக்கொண்டே விழுந்தேன். கறி முழுக்க மண்ணில். "பைத்தியக்காரக் கெயவி, போடு இன்னும் ரெண்டு" என்று ஒருவன் சொன்னான். போட்டார்கள். விலா எலும்பு அன்றைக்குப் போனதுதான், இன்றைக்கும் மழைக்கு வலிக்கும்.

அடித்தவர்கள் நிறுத்தியது என்மேல் இரக்கப்பட்டு இல்லை. முதல் தட்டு வாங்கித் தின்று முடித்த வடக்கத்தி ஆள் ஒருவன் ரோட்டோரம் உட்கார்ந்துவிட்டான். வாயிலிருந்து எச்சில் நூலாகத் தொங்கியது. கண்மணி கடுகாய்ச் சுருங்கிப்போய், கை இரண்டும் உதறிக்கொண்டிருந்தன. காலையில் நான் தண்ணீரில் பார்த்த அதே உதறல். எல்லாரும் கையிலிருந்த தட்டைக் கீழே போட்டார்கள். என்னை மிதித்தவனே அவனைத் தோளில் தூக்கி வண்டியில் போட்டான். அந்த ஆள் ஆஸ்பத்திரியில் எட்டு நாள் கிடந்து பிழைத்துக்கொண்டான். வேறு யாரும் அதுவரை தின்றிருக்கவில்லை.

ஸ்டேஷனில் யார் சரக்கு என்று கேட்டார்கள். கடைக்காரன் தெரியாது என்றான். நான் என் தம்பி பெயரைச் சொன்னேன்.

"நீ யாரும்மா?"

"அவன் கூடப் பொறந்தவ. நானும் கொக்கு புடிக்கறவதான். அதையும் எழுதிக்க."

எழுதிக்கொண்டார்கள். தம்பியை அன்று சாயங்காலமே, கட்டுப்போட்ட தோளோடு பிடித்துவந்தார்கள். ஜீப்பிலிருந்து இறங்கும்போது என்னைப் பார்த்துத் துப்பினான். அவன் பெண்சாதி எங்கள் தெருவுக்கு வந்து மண்ணை வாரி என் வாசலில் இறைத்தாள். "பொறந்தவன வித்துத் துன்னவளே, உன் கையி அழுகிப் போவும்" என்றாள். எண்ணெய் பட்ட கை ஏற்கனவே அழுகிக்கொண்டுதான் இருந்தது. நான் கதவைச் சாத்தவில்லை. அவள் சொல்லி முடிக்கும்வரை நின்று கேட்டேன்.

அந்தக் கையோடு என்னால் திட்டுக்குப் போக முடியவில்லை. தாயும் தகப்பனும் செத்த குஞ்சுகள் இரண்டு நாள் கத்தின. என் வீடுவரைக்கும் கேட்டது. மூன்றாம் நாள் கேட்கவில்லை.

பார்வைக்கொக்கின் நினைப்பு எனக்கு அப்போதுதான் வந்தது. கரையில் கட்டியது கட்டியபடியே கிடந்தது. கண் தைத்த கொக்குக்கு நாம்தான் இரை ஊட்ட வேண்டும். சேற்றில் படுத்துவிட்டது, ஆனால் உயிர் இருந்தது. மடியில் வைத்து, பிளேடால் உச்சந்தலை முடிச்சை அறுத்து முடியை உருவினேன். வருஷக்கணக்கில் தைத்திருக்கிறேன், ஒருநாளும் பிரித்ததில்லை. கீழ் இமை இறங்கியது. மஞ்சள் கண். அது முதலில் பார்த்தது என் முகத்தை. பார்த்த கணமே குத்தியது. கண்ணைத்தான் குறிவைத்தது, ஒரு விரற்கடை தப்பிப் புருவத்தைக் கிழித்தது. முகமெல்லாம் ரத்தம். கழுத்து என் கையில்தான் இருந்தது. பழக்கத்தில் விரல் இறுகியது. பிறகு விட்டேன். அது தத்தித் தத்திப் போய் நாணலுக்குள் மறைந்தது. பிழைத்ததா என்று தெரியாது.

நான் திருந்திவிட்டேன் என்று யாரும் நினைக்க வேண்டாம். கை மடங்கவில்லை, முழங்கால் தண்ணீரில் இறங்கவிடவில்லை, ஏரியில் பிடிக்க ஒன்றும் மிச்சமும் இல்லை. அதனால் நின்றது.

புத்தகக்காரம்மா விஷயம் கேள்விப்பட்டு ஓடிவந்தாள். கனத்த புத்தகத்தின் அந்தப் பக்கத்தை என் எதிரில் படித்தாள். படித்து முடித்துவிட்டு என் கட்டுப்போட்ட கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள்.

"நான் எழுதியிருக்கக் கூடாதும்மா."

"நான் சொல்லியிருக்கவே கூடாது. நீ எயுதறவ, எயுதின. அழுவாத."

அடுத்த தடவை அச்சுப் போடும்போது இடத்தை எடுத்துவிடுவதாகச் சொன்னாள். என்னிடம் இருந்த புத்தகத்தில் அந்தப் பக்கத்தை நானே கிழித்து அடுப்பில் வைத்தேன். பிறகு பிள்ளைகள் புத்தகத்தை எடுத்து, கொக்குப் படம் இருக்கும் பக்கத்தைத் திறந்தேன். தலையிலிருந்து ஒரு முடியைப் பிடுங்கி ஊசியில் கோத்து, அவள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே படத்துக் கொக்கின் கண்ணைத் தைத்தேன். கீழே ஏற்றி, மேலே இழுத்து, உச்சியில் முடிச்சு. காகிதம் கிழியவில்லை. இந்த முறை அவள் எழுந்து ஓடவில்லை.

"இத எடுத்துனு போ. இத போட்டாத்தான் அது புக்கு."

எடுத்துக்கொண்டு போனாள். போடுவாளா, தெரியாது. இன்னும் பதில் வரவில்லை.

அடுத்த வருஷம் திட்டுக்கு ஒரு கொக்கும் வரவில்லை. அதற்கடுத்த வருஷமும் வரவில்லை. இந்த மார்கழியில் நாலு ஜோடி வந்திருக்கின்றன. வாயில் சுள்ளி வைத்துக்கொண்டு போவதை என் கண்ணால் பார்த்தேன். திட்டுக்குப் போகவில்லை, வேறு மரத்துக்குப் போகின்றன. எந்த மரம் என்று எனக்குத் தெரியும். இந்தக் காகிதத்துக்கு அதைச் சொல்ல மாட்டேன்.